“மாசம் எவ்வளவு தருவாங்க டீச்சர்?”

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது குட்டி யானை ஓட்டுகிறான். மகள் எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறாள், முழுக்கத் தமிழ் வழியில். ஒரு கல்லூரியில் முழுநேர பிஎச்.டி. சேர இடம் கிடைத்துவிட்டதாம். ஆசீர்வாதம் வாங்க வந்திருந்தார்கள்.

காபி குடித்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “இதுக்கு மாசம் எவ்வளவு தருவாங்க டீச்சர்?”

அந்தப் பெண்ணுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “சும்மா இருங்கப்பா. படிக்கப் போற இடத்துல காசைப் பத்திக் கேட்டுக்கிட்டு...” என்றாள்.

நான் இரண்டு பேரையும் மறுபடி உட்காரச் சொன்னேன். உன் அப்பா கேட்டதுதான் முதல் கேள்வி, அதற்குப் பதில் தெரியாமல் சேராதே என்றேன். அன்று அவளிடம் சொன்னதை இங்கே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் இதேபோல் இன்னொரு பெண் வந்தாள். அவளும் என் மாணவிதான். நல்ல மூளை. அவள் அம்மாவும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார். நான் பெரிய மனுஷியாக, “முதல்ல சேரட்டும்மா, உதவித்தொகை எல்லாம் பின்னாடி தானா வரும்” என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அப்போது ஜே.ஆர்.எஃப். என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

எதுவும் தானாக வரவில்லை. கட்டணம் கட்ட அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. சாயங்காலம் டியூஷன் எடுத்துவிட்டு, ராத்திரி ஆராய்ச்சி. மூன்றாம் வருடம் நிறுத்திவிட்டாள். இன்று ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது.

கணக்கு டீச்சர் ஆயிற்றே, கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய். அதன் பிறகு வேலையை மதிப்பிட்டு, அடுத்த மூன்று ஆண்டுக்கு மாதம் 42,000. முதல் 24 மாதத்துக்கு 8,88,000. அடுத்த 36 மாதத்துக்கு 15,12,000. கூட்டிப் பாருங்கள்: சரியாக 24 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், களப்பணி போன்ற செலவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தனி.

அதே துறையில், அதே நெறியாளரிடம், அதே நாளில் சேர்ந்த இன்னொரு பிள்ளைக்கு எந்த உதவித்தொகையும் இல்லாவிட்டால், ஐந்து ஆண்டுக்கு வரவு பூஜ்யம். கட்டணம் கட்டினால் அதற்கும் கீழே. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் உண்டு. அதையும் நிறுத்தப் போகிறோம் என்று 2015இல் அறிவித்தபோது டெல்லியில் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அன்றும் அது 8,000தான்.

இப்போது, தேர்வைப் பற்றி நான் தெரிந்துகொண்டவை.

நெட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று என்று நடக்கிறது. முதுகலை இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் பிஎச்.டி.யில் சேர மூன்று ஆண்டு அவகாசம் தருகிறார்கள். ஆக, அவசர அவசரமாக முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு பணம் தேட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களும் வயது இருந்தால் எழுதலாம். ஆனால் ஒரு பக்கம் ஆராய்ச்சி, ஒரு பக்கம் வயிற்றுப்பாடு, ஒரு பக்கம் தேர்வு என்று மூன்று குதிரையில் சவாரி செய்ய வேண்டியிருக்கும்.

பட்டியல் வகுப்பினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உள்ள தேசிய உதவித்தொகைகளுக்கும் நெட் மதிப்பெண்தான் அடிப்படை. பழங்குடியினருக்கு மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் திட்டம் தனியாக உண்டு. அறிவியல் படித்தவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற அறிவியல் மாணவர்களுக்கு இன்ஸ்பயர் இருக்கிறது. சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., வரலாற்றுக்கு ஐ.சி.எச்.ஆர். தனியாக உதவித்தொகை தருகின்றன. நம் மாநிலத்திலேயே முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் வந்திருக்கிறது. மாதம் 25,000 ரூபாய், 120 பேருக்கு, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வின் மூலம். ஆராய்ச்சியின் நடுவில் சில மாதம் வெளிநாடு போக ஃபுல்பிரைட்-நேரு, ஜெர்மனியின் டாட் என்று கதவுகள் இருக்கின்றன.

இவை எதுவும் நிலையானவை அல்ல என்பதும் ஞாபகம் இருக்கட்டும். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. போன வருடம் அண்ணன் வாங்கினான், நாமும் வாங்கலாம் என்று நம்பி இருக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அந்தந்த அறிவிப்பை நாமே படிக்க வேண்டும். இன்னொன்று, உதவித்தொகை உறுதியானாலும் முதல் தவணை கைக்கு வரப் பல மாதம் ஆவது சாதாரணம். அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு சிறு தொகையை எடுத்து வையுங்கள்.

சிலர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். “படிப்பை இப்படிக் காசாக எடை போடலாமா டீச்சர்? நீங்களே இப்படிச் சொல்லலாமா?” என்று. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி பொருந்தும். ஐந்து வருடம் சம்பளமில்லாமல் இருந்தாலும் அந்த வீட்டில் உலை கொதிக்கும். குட்டி யானை ஓட்டுகிறவன் வீட்டில் அப்படி இல்லை. அங்கே உதவித்தொகை என்பது பரிசு இல்லை, தர்மமும் இல்லை, அந்தப் பிள்ளை செய்யப்போகும் வேலைக்கான கூலி. ஆராய்ச்சி வேலைதான். கூலி கேட்பதில் என்ன வெட்கம்?

ஆக என் கருத்து இதுதான்: கையில் உதவித்தொகை இல்லாமலும், வீட்டில் வசதி இல்லாமலும் முழுநேர பிஎச்.டி.யில் சேராதீர்கள். ஒரு வருடம் காத்திருங்கள். பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு தேர்வுக்குப் படியுங்கள். அந்த ஒரு வருடம் வீணில்லை. பாதியில் நின்றுபோன மூன்று வருடம்தான் வீண். உறவுக்காரர்களே, “இன்னுமா உங்க பொண்ணு படிச்சுக்கிட்டே இருக்கா?” என்று கல்யாண வீட்டில் கேட்பதை அந்த ஒரு வருடத்துக்காவது நிறுத்தி வையுங்கள்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. நெட் தேர்வில் மொழிப் பாடங்களைத் தவிர மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். எம்.ஏ. வரை தமிழில் வரலாறு படித்த பெண், தனக்குத் தெரிந்த பதிலை வேறொரு மொழியின் கேள்விக்குள் தேட வேண்டியிருக்கிறது. இந்தி வழியில் படித்த பிள்ளைக்கு அந்தச் சிரமம் இல்லை. தமிழிலும் வினாத்தாள் வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். மாநிலத் திட்டத்தின் 120 இடமும் இத்தனை கல்லூரி உள்ள ஊருக்குப் போதாது. ஆனால் அவை மாறும்வரை நம் பிள்ளைகளின் வயது நிற்காது. அதனால் இப்போதைக்குப் பாடத்தின் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நெட்டில் முதல் தாள் எல்லோருக்கும் பொது. 50 கேள்வி, 100 மதிப்பெண், தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது. எடுத்துப் பார்த்தேன். சதவீதம், விகிதம், எண் தொடர், அட்டவணையைப் பார்த்து விடை சொல்வது எல்லாம் அதில் வருகிறது. அவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்கு நான் கரும்பலகையில் போட்டுக் காட்டியவைதான்! கலைப்பாடம் படித்த பிள்ளைகள் இந்தப் பகுதியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

அதனால் வரும் சனிக்கிழமை முதல் மாலை 5 மணிக்கு என் வீட்டு மாடியில் உட்காரப் போகிறோம். காசு கிடையாது. முதல் தாளின் கணக்குப் பகுதியை நான் நடத்துகிறேன். என் மாணவர்களில் கல்லூரி ஆசிரியர்களாக இருப்பவர்கள் மாதம் ஒரு நாள் வந்து மற்ற பகுதிகளை நடத்தினால் புண்ணியமாகப் போகும். வர முடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள்.

குட்டி யானைக்காரன் மகள் இந்த வருடம் சேரவில்லை. தேர்வு எழுதப் போகிறாள்.

அந்தப் பழைய மாணவிக்கும் நேற்று போன் செய்தேன். இப்போது அவளுக்கு 33 வயது. பெண்களுக்கு 35 வரை உண்டு என்று சொன்னேன். “இனிமேலா டீச்சர்?” என்று சிரித்தாள். அன்று உனக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அஞ்சு மணிக்குன்னா ஸ்கூல் விட்டு வந்துடலாம்” என்றாள்.

சனிக்கிழமை பாயை விரித்து வைக்கிறேன். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்