நாலு மாத்திரை மட்டும் கொடுங்க

மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நாலு மாத்திரை தரும் ஊர் நம்முடையது. 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்துகளில் க்யூஆர் கோடு கட்டாயம். அதை மொபைலில் ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் வரும். நல்லதுதான். ஆனால் கோடு பெட்டியிலோ அட்டையின் ஒரு பக்கத்திலோ இருக்கும். வெட்டிய துண்டோடு நம் கைக்கு வருவது அபூர்வம்.

இதற்கு அடுத்த படியாகச் சொல்லப்படுவது பிளாக்செயின். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண். ஆலை, மொத்த வியாபாரி, கடை என்று கை மாறும்போதெல்லாம் ஒரு பதிவு. இந்தப் பதிவுகள் அடங்கிய பேரேட்டின் நகல் பலரிடமும் இருப்பதால், பழைய வரியை ஒருவர் மட்டும் ரகசியமாகத் திருத்த முடியாது.

இது எவ்வளவு தூரம் உதவும்? அமெரிக்காவின் கிலியட் மருந்துக் கம்பெனி தொடுத்த வழக்கின் விவரங்கள் 2022 ஜனவரியில் வெளியாயின. தன் எச்ஐவி மருந்துகளின் பெயரில் 85,247 போலி பாட்டில்கள், சுமார் 25 கோடி டாலர் மதிப்பில், மருந்தகங்களுக்குப் போயின என்றது அந்தக் கம்பெனி. கூடவே போன கொள்முதல் ஆவணங்கள் போலி. பாட்டில்களில் பலவோ அசல்! நோயாளிகளிடமிருந்து திரும்ப வாங்கி, வேறு மாத்திரையைப் போட்டு மூடியிருக்கிறார்கள். சிலவற்றில் இருந்தது மனநோய்க்கான மருந்து. போலி ஆவணத்தை பிளாக்செயின் பிடித்திருக்கும். அசல் பாட்டிலின் எண்ணும் அசல்தானே? முதல் விற்பனையின்போதே அந்த எண்ணை யாராவது முடித்து வைத்திருந்தால்தான் சிக்கியிருக்கும்.

ஐரோப்பா அதைத்தான் செய்கிறது. 2019 பிப்ரவரி 9 முதல், மருந்தைக் கொடுக்கும் இடத்தில் பெட்டியின் எண்ணை ஸ்கேன் செய்து கணக்கை முடிக்கிறார்கள். அதே எண் மறுபடி வந்தால் எச்சரிக்கை வரும். அங்கே இருப்பது பிளாக்செயின் அல்ல, சாதாரண தரவுத்தளம். பிறகு பிளாக்செயின் எதற்கு? விற்பனைக் கணக்கைப் போட்டியாளர் கண்ணில் காட்ட விரும்பாத கம்பெனிகளுக்கு. பேரேட்டின் நகல் பலரிடம் இருந்தாலும் உள்ளே உள்ள விவரங்களை மறைத்து வைக்க முடியும். மருந்துக் கம்பெனி ஃபைசரும் மொத்த வியாபாரி மெக்கெசனும் கடைச் சங்கிலி வால்மார்ட்டும் ‘மெடிலெட்ஜர்’ என்ற பிளாக்செயின் சோதனையில் சேர்ந்ததற்கு அந்தக் கவலையும் காரணம் என்பது என் கணிப்பு.

நமக்கு வலிக்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2025 அக்டோபரில் நாடே பேசிய கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஆலை நிஜம், லைசென்ஸ் நிஜம், லேபிளும் நிஜம். உள்ளே 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால், 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத நஞ்சு. எந்தச் சங்கிலியும் அதைத் தடுத்திருக்காது. கை மாறிய இடமெல்லாம் ‘சரி’ என்றே பதிவாகியிருக்கும். நஞ்சைக் காட்டியது தமிழக அரசு ஆய்வகத்தின் பரிசோதனை. ஆலை வாசலைத் தாண்டுமுன் நடந்திருக்க வேண்டிய பரிசோதனை அது. அதற்கு வேண்டியது ஆய்வாளர்களும் ஆய்வகங்களும். அந்தச் செலவைப் பற்றிப் பேச மேடை போடுபவர்கள் குறைவு.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நஞ்சு என்று தெரிந்த அந்த நிமிடத்தில், எஸ்ஆர்-13 என்ற அந்த பேட்ச் எந்த ஊரில் எந்தக் கடையில் எத்தனை பாட்டில் மிச்சம் என்று பிளாக்செயின் போன்றதொரு பதிவு உடனே சொல்லியிருக்கும். மத்தியப் பிரதேசத்தில் அதைத் தேடி அதிகாரிகள் வீடு வீடாக அலைந்தார்கள்.