பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்: இளையோரின் தசை, மூட்டு வலி குறித்து எங்கள் நிலைப்பாடு

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். இயன்முறை மருத்துவர்களாகிய எங்கள் சங்கம் இதை உறுதியாகக் கேட்கிறது. கழுத்துவலி, இடுப்புவலி என்று பதினாறு வயதுப் பிள்ளைகள் எங்களிடம் வருவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் கேட்கிறோம்.

அவர்களின் ஒரு நாளைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் டியூஷன், பிறகு வேனில் பள்ளிக்கூடம், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், மறுபடியும் டியூஷன். இரவில் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து, முகவாய் நெஞ்சில் இடிக்கக் குனிந்தபடி செல்போன். வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். குனியக் குனியப் பிடரித் தசைகள் தாங்கும் பளு ஏறிக்கொண்டே போகும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டை மடக்கி நீட்டும்போது அதிலுள்ள திரவம் ஊறித்தான் அதற்கு ஊட்டம் சேர்கிறது. ஆகவே, "நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டிப் பயனில்லை. நிமிர்ந்தே இருந்தாலும் மூன்று மணி நேரம் அசையாவிட்டால் வலிக்கத்தான் செய்யும்.

5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடலசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதில் பொதுத்தேர்வு எழுதுவோருக்கு விலக்கு எதுவும் இல்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலி என்றதும் பெல்ட் வாங்கி மாட்டாதீர்கள், ஸ்கேனுக்கும் ஓடாதீர்கள். வலியே இல்லாத 20 வயதினரை ஸ்கேன் செய்தாலும் நூற்றுக்கு முப்பது பேருக்கு டிஸ்க் புடைத்திருப்பது தெரியும் என்று 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. "ஜவ்வு விலகிடுச்சு" என்று கேட்ட பிள்ளை அதன்பின் குனியவே பயப்படுகிறது. அந்தப் பயமே வலியை நீட்டிக்கிறது. அதே சமயம் காய்ச்சல், எடைக்குறைவு, தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காலையில் அரைமணிக்கு மேல் நீளும் முதுகு இறுக்கம் இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளிகள் ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் இரண்டு நிமிடம் மாணவர்களை எழுந்து நிற்க, கைகால் நீட்ட விடட்டும். விளையாட்டில் கெட்டிக்காரர்களோடு நிறுத்தாமல், மைதானத்தின் ஓரத்திலேயே உட்கார வைக்கப்படும் மாணவிகளையும் பி.டி. ஆசிரியர் உள்ளே அழைக்கட்டும். இதற்கான பயிற்சிகளைக் கற்றுத்தர, கேட்கும் எந்தப் பள்ளிக்கும் எங்கள் உறுப்பினர்கள் கட்டணமின்றி வருவார்கள்.