லைப்ரரி படிப்புக்கு இனி வேலை இருக்கிறதா?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "இதை வைத்து என்ன படித்தால் வேலை கிடைக்கும்?" என்பதுதான். சாப்ட்வேர் என்ஜினியர் என்பதால் ஜாவா, பைத்தான் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். நூலக அறிவியல் படிக்கலாம் என்றால் சிரிக்கிறார்கள். "எல்லாம்தான் கூகுளில் வந்துவிட்டதே, தம்பி!"

கூகுளில் எல்லாம் வரவில்லை. உத்தமபாளையத்தில் ஒரு அலமாரியில் இருக்கும் புத்தகத்தை, யாராவது பட்டியலில் சரியாகப் பதிந்திருந்தால்தான் கம்ப்யூட்டர் தேடித் தரும். அந்தப் பதிவைச் செய்பவர்தான் நூலக உதவியாளர். வெளிநாடுகளில் லைப்ரரி டெக்னீஷியன் என்கிறார்கள். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, முத்திரை குத்துவது எல்லாம் வெளியே தெரியும் வேலை. பட்டியலிடுவது, வகைப்படுத்துவது, பார்கோடு ஒட்டுவது, சாப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது, பேக்கப் எடுப்பது ஆகியவை உள்ளே நடப்பவை. நம் பக்கத்துச் சிறிய கல்லூரிகளில் இவ்வளவும் ஒரே ஆள் தலையில் விழும்.

இதற்கான சாப்ட்வேர்களில் முக்கியமானது கோஹா. நியூசிலாந்தில் ஒரு நூலகத்தின் பழைய சாப்ட்வேர் 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினையைத் தாங்காது என்று தெரிந்ததும், 1999-இல் இதை எழுதினார்கள். 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. பெயருக்கேற்ப இலவசம். நம் நாட்டில் இன்ஃபிளிப்நெட்டின் சோல், என்.ஐ.சி.யின் இ-கிரந்தாலயா ஆகியவையும் உண்டு.

சென்ற ஆண்டு நம் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி நூலகத்தின் பட்டியலை எக்செலிலிருந்து கோஹாவுக்கு மாற்ற உதவினேன். டேட்டா என்ட்ரியை, புத்தகத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தார்கள். சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பாவின் பெயரைத் தேடினேன். 'சி.சு.செல்லப்பா', 'செல்லப்பா சி சு', 'சி. எஸ். செல்லப்பா', ஆங்கில எழுத்தில் ஒன்று என நான்கு பேராக இருந்தார். ஐந்தாவதாக வெறும் 'செல்லப்பா'. பாதிப் பதிவுகள் பழைய ஃபான்டில் அடித்தவை. யூனிகோடில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. 2001-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற 'சுதந்திர தாகம்' அலமாரியில் இருந்தது. பட்டியலில் தேடினால் வரவில்லை. சொந்த ஊர்க்காரரின் நிலையே இப்படி!

ஃபான்டை மாற்ற நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு மாலையில் முடிந்தது. ஆனால் ஐந்தாவதாக இருந்த செல்லப்பா இவர்தானா, வேறொருவரா? இதைப் புரோகிராம் சொல்லாது. அங்கே இருந்த நூலக உதவியாளர் அக்கா ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முதல் பக்கத்தைப் பார்த்து, ஒரே பெயர் வடிவத்தை முடிவு செய்தார். இதற்கு மூன்று வாரம் ஆனது. இப்போது ஏ.ஐ. வந்துவிட்டதே என்பீர்கள். அட்டையைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் அது டைப் செய்துவிடும்தான். தவறான பெயரையும் அதே தைரியத்தோடு டைப் செய்யும். கான்ட்ராக்டருக்குக் கொடுத்த பணத்தில் படித்த ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

நூலகத்துக்கும் கணக்குக்கும் தூரம் என்று நினைக்காதீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராவதற்கு முன் கணித ஆசிரியர். உலக நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் மார்க் என்ற வடிவத்தை 1960-களில் உருவாக்கிய ஹென்ரியட் ஆவ்ரம் புரோகிராமர்.

சரி, வேலைவாய்ப்பு? தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-இலேயே வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனாலும் அரசுப் பணியிடங்கள் குறைவு. டி.என்.பி.எஸ்.சி. 2023-இல் நூலகப் பணிகளுக்குத் தேர்வு நடத்தியது. அடுத்தது எப்போது என்று காத்திருப்பதையே தொழிலாக்கிக் கொள்ளக் கூடாது. பி.எல்.ஐ.எஸ். முடித்துவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! கல்லூரி நூலகர் பதவிக்கு எம்.எல்.ஐ.எஸ்.ஸோடு நெட் அல்லது செட் தேர்ச்சியும் கேட்பார்கள். தனியார் கல்லூரிகளில் தொடக்கச் சம்பளம் குறைவு. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் வேலையின் தன்மை மாறிவிட்டது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு சுமார் 13,000 ஆய்விதழ்கள் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. அவற்றுக்குள் எப்படிப் போவது, எப்படித் தேடுவது என்று மாணவருக்குக் காட்ட ஆள் வேண்டாமா? மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். போடியிலிருந்து ரயிலே இருக்கிறது.

பி.எல்.ஐ.எஸ். ஓராண்டுப் படிப்பு. இக்னோ வழியாக வீட்டிலிருந்தே படிக்கலாம். படிக்கும்போதே உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ்99 கீபோர்டில் யூனிகோடு டைப்பிங் பழகுங்கள். வீட்டிலோ தெரிந்தவரிடமோ இருக்கும் 100 புத்தகங்களை ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, ஐ.எஸ்.பி.என். என்று எக்செலில் பதியுங்கள். பிறகு கோஹா. அது விண்டோஸில் நேரடியாக ஓடாது. வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் டெபியன் லினக்ஸ் நிறுவ வேண்டும். முதல் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும், பரவாயில்லை. அந்த 100 புத்தகங்களையும் கோஹாவில் ஏற்றி, தேடினால் வருகிறதா என்று பாருங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அந்தப் பட்டியலையும் பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.