'ஒரிஜினல்' காருக்கு 57 லட்சம் எக்ஸ்ட்ராவா?

போன வாரம் தாம்பரம் பக்கம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் கறுப்பு கலர் பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் வந்து நின்றது. என் பக்கத்தில் நின்ற மாமா காரை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வண்டி ஓகேதான். ஆனா ஒரிஜினல் இல்லப்பா, நம்ம செங்கல்பட்டுல கோத்தது" என்று தீர்ப்பு சொன்னார். காரை ஓட்டிவந்த டிரைவர் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

ஒரிஜினல் இல்லையா? அப்படியென்றால் ஒரிஜினலுக்கு எவ்வளவு கூடக் கொடுக்கணும்?

இதற்கு நம் கண்ணெதிரே நடந்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2021 ஜூனில் மெர்சிடிஸ் பென்ஸ் புது எஸ் கிளாஸை இந்தியாவுக்கு முழு காராக இறக்குமதி செய்தது. பெட்ரோல் மாடலான எஸ்450-யின் எக்ஸ் ஷோரூம் விலை 2.19 கோடி. அதே வருடம் அக்டோபரில் புனே பக்கத்தில் சாக்கனில் உள்ள தொழிற்சாலையிலேயே அசெம்பிள் செய்த எஸ்450 வந்தது. விலை 1.62 கோடி. அதே ஆறு சிலிண்டர் இன்ஜின், அதே 367 குதிரை சக்தி. நாலே மாதத்தில் 57 லட்சம் வித்தியாசம்! வசதிப் பட்டியல் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றில்லை என்பது உண்மைதான். டீசலில் இன்ஜினே மாறியது. இறக்குமதியில் வந்தது 330 குதிரை சக்தி கொண்ட எஸ்400டி, சாக்கனில் தயாரானது 286 கொண்ட எஸ்350டி. ஆனால், அவசரப்பட்டு ஜூனில் பெட்ரோல் காரை வாங்கியவர் அக்டோபரில் பேப்பரைப் பிரித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி காருக்குள் இல்லை, வரியில் இருக்கிறது. 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காரை முழுதாக இறக்கினால் சுங்க வரி எல்லாம் சேர்ந்து 110 சதவிகிதம். அதாவது 100 ரூபாய் கார் துறைமுகத்தைத் தாண்டும்போதே 210 ரூபாய். அந்த 210-க்கு மேல்தான் ஜி.எஸ்.டி. போடுவார்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய கார்களுக்கு அது 40 சதவிகிதம். ஆக 294 ரூபாய். டீலர் லாபம், நம் ஆர்.டி.ஓ. வரியெல்லாம் இனிமேல்தான். வரிக்கு வரி போடுவது என்பது இதுதான்!

அதே காரை உதிரி பாகங்களாகக் கொண்டுவந்தால் அடிப்படைச் சுங்க வரி 15 சதவிகிதம்தான். இதில் ஒரு கொக்கி உண்டு. இன்ஜினோ கியர்பாக்ஸோ ஏற்கெனவே பூட்டப்பட்ட நிலையில் வந்தால் இந்தச் சலுகை கிடையாது. 2023 பட்ஜெட்டில் அதற்கான வரி 35 சதவிகிதமானது. 'நாலு போல்ட்டை மட்டும் இங்கே முடுக்கிவிட்டு லோக்கல் என்று சொல்லாதே' என்பதுதான் அரசாங்கத்தின் கணக்கு. கணக்கு ஓரளவு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி மகேந்திரா சிட்டிக்குள் 2007-ல் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை ஆரம்பித்தபோது, பெட்டி பெட்டியாக வந்ததைப் பூட்டுவதுதான் வேலை. 2015-ல் உள்ளூர் பாகங்களின் பங்கை 50 சதவிகிதம் வரை உயர்த்தினார்கள். ஃபோர்ஸ் மோட்டார்ஸ் இன்ஜினை இங்கேயே அசெம்பிள் செய்து தர ஆரம்பித்தது. லியர் நிறுவனத்தின் சீட், வேலியோவின் ஏ.சி. சிஸ்டம் என்று வரிசையாக உள்ளே வந்தன. அந்த நிகழ்ச்சிக்கு சச்சின் டெண்டுல்கர் வந்து, தொழிலாளிகளோடு சேர்ந்து இன்ஜின் பூட்டினார். பாடி மட்டும் இன்றும் வெளிநாட்டில் பெயின்ட் அடித்தே வருகிறது. அதனால் 'முழுக்க நம்ம ஊர் கார்' என்று நானும் மார்தட்ட மாட்டேன். ஆனால் கையால் பூட்டி, செக் பண்ணி, ரோட்டுக்கு அனுப்புவது இங்கே இருக்கும் பிள்ளைகள். அதை 'கோத்தது' என்று ஒரே வார்த்தையில் மாமா முடித்துவிட்டதுதான் எனக்கு உறுத்தல்.

சரி, இறக்குமதி காரை யார் வாங்கலாம்? வேறு வழியில்லாதவர்கள். உதாரணமாக எம்5. 727 குதிரை சக்தி, 2024 கடைசியில் வந்தபோது விலை 1.99 கோடி. அது இங்கே தயாராவதில்லை. தானே ஸ்டீயரிங் பிடித்துப் பறக்க ஆசைப்படுபவர்களுக்கு வரியைக் கட்டுவதைத் தவிர வேறு கதியில்லை. விலை கூடக்கூட இன்ஷூரன்ஸ் பிரீமியமும் கூடும். எண்ணிக்கையில் குறைவான மாடல் என்பதால், ஒரு பார்ட்ஸ் உடைந்தால் கப்பல் வரும் வரை காத்திருக்க நேரலாம். அதற்காக லோக்கல் அசெம்பிளி என்றால் சர்வீஸ் பில் குறைச்சலாக வரும் என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். பல பாகங்கள் இன்னும் வெளியிலிருந்துதான் வருகின்றன. செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்கள் 'இம்போர்ட்டட்' என்ற வார்த்தைக்குத் தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள்.

மாமாவுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த இந்த 5 சீரிஸ், நீட்டப்பட்ட மாடல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3,105 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் ஓடும் சாதாரண 5 சீரிஸைவிட 110 மில்லிமீட்டர் அதிகம். வலதுபக்க ஸ்டீயரிங்கோடு இந்த நீள மாடல் முதலில் வந்ததே இந்தியாவுக்குத்தான். அவர் சொல்லும் 'ஒரிஜினல்' ஜெர்மனியிலிருந்து வந்திருந்தால், பின் சீட்டில் கால் நீட்ட நாலு விரல்கடை இடம் குறைந்திருக்கும்.

பந்தி முடிந்து வெளியே வந்தபோது டிரைவர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "எங்க ஓனர் ஒரு நாள்கூட முன்னாடி உட்கார்ந்ததில்ல தம்பி" என்றபடி பின் கதவைத் திறந்து காட்டினார். கீழே பழக்கூடை, தாம்பூலப் பை, குழந்தையின் ஷூ எல்லாம் கிடந்தன. அதற்கு மேலும் ஒருவர் காலை நீட்டி உட்கார இடம் இருந்தது.