நீண்ட குழலும் குட்டைக் குழலும்

இலக்கியம் பேசும் இடத்தில் ரிவால்வருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இலக்கு என்னும் சொல்லிலிருந்தே இலக்கியம் பிறந்தது என வாதிடுவோர் தமிழாசிரியர்களிடையே உண்டு. அந்த வாதத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்டு சில சொற்கள் சொல்ல விழைகிறோம். நாம் துப்பாக்கியைக் கையால் தொட்டவர்கள் அல்லர். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் வடிவமே சொல்லிவிடும் என்று நம்புகிறவர்கள், அவ்வளவே.

அமெரிக்காவில் இன்றும் ஒரு சிறு கூட்டம் பழைய ரிவால்வர்களைத் தேடி அலைகிறது. அவர்களுக்கு வேண்டியவை மூன்று: கைக்கு அடங்கும் நடுத்தரச் சட்டகம், ஆறு அங்குலத்துக்குக் குறையாத குழல், திருகினால் நகரும் குறித்தகடு. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவற்றுள் பெயர் பெற்றவை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வெளியிட்ட கே-22, கே-32, கே-38 ஆகியவை. மூன்றுக்கும் ‘மாஸ்டர்பீஸ்’ என்றே பெயர். குண்டின் அளவு மாறினாலும் கையில் எடை மாறக்கூடாது என்பதற்காகக் குழலின் மேல்விளிம்பைக் கூட்டியும் குறைத்தும் கடைந்திருக்கிறார்கள். 1957இல் இப்பெயர்களுக்கு மாற்றாக 17, 16, 14 என்று எண்கள் வந்தன. தலைசிறந்த படைப்பு என்று பெயர் வைத்துவிட்டுப் பின்னர் வருகைப் பதிவேட்டில் எண்ணாகச் சுருக்குவது நம் கல்லூரிகளின் வழக்கம் மட்டும் அன்று போலும்.

நீளம் எதற்கு? அழகுக்கு அன்று, கணக்குக்கு. குழலின் முன்நுனியில் ஒரு தகடு. பின்னால், நடுவே வெட்டுள்ள இன்னொரு தகடு. இரண்டும் கண்ணில் ஒருசேர நிற்க வேண்டும். ஐம்பது கஜத் தொலைவில் வைக்கும் இலக்குத் தாளில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். தகடுகளுக்கு இடையே 19 சென்டிமீட்டர் இருக்கும்போது முன்தகடு கால் மில்லிமீட்டர் பிசகினால் குண்டு 60 மில்லிமீட்டர் விலகிவிடும். பத்து போயிற்று. அந்த இடைவெளியே 10 சென்டிமீட்டர் ஆனால், அதே பிசகுக்குக் குண்டு 114 மில்லிமீட்டர் விலகும், எட்டும் போயிற்று. குட்டைக் குழல் குண்டைக் கோணலாக அனுப்புவதில்லை. நம் பிசகைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நகரும் பின்தகடும் அதே நுட்பத்தின் பகுதிதான். தோட்டா மாறினால், வெளிச்சம் மாறினால், இரண்டு திருகு; குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தகடு நகரும்.

இத்தகைய பொருள் ஏன் அருகிப் போயிற்று? விளையாட்டுக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு. ஒற்றைக் கையால் சுடும் அந்தப் போட்டியில் ஒரு கட்டத்தில் பத்தே விநாடிகளில் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். ரிவால்வர்காரர் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னிழுத்து, குலைந்த பிடியைச் சரிசெய்து, மறுபடி குறிபார்க்க வேண்டும். தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு அந்த வேலை இல்லை. போட்டியாளர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். இதில் வருந்த ஏதுமில்லை.

நம் கருத்து வேறோர் இடத்தில் நிற்கிறது. குழல் குட்டையானதற்குப் போட்டி மட்டும் காரணம் அன்று, அச்சமும் காரணம். 1987இல் புளோரிடா மாநிலம், தகுதியுள்ளவர் கேட்டால் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு உரிமமே வேண்டியதில்லை. துப்பாக்கி வைத்திருப்பதற்கு முதன்மைக் காரணம் என்ன என்று 1999இல் கேட்டபோது 49 விழுக்காட்டினர் வேட்டை என்றனர்; 26 விழுக்காட்டினர் பாதுகாப்பு என்றனர். 2013இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது பாதுகாப்பு 48, வேட்டை 32. சட்டைக்குள் மறைக்க வேண்டிய பொருளுக்கு நீண்ட குழல் சுமை. துருத்தும் பின்தகடு துணியில் மாட்டும். தாளை நோக்கிய பொருள் ஒரு வடிவம் கேட்கிறது. மனிதரை நோக்கிய பொருள் வேறு வடிவம் கேட்கிறது. எது விற்கிறது என்று பார்த்தால் ஒரு நாட்டின் மனம் எதை நோக்கி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதே ஆறு அங்குலக் கே-38ஐ லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் இடுப்பு உறையில் சுமந்து திரிந்திருக்கிறார்கள். தாளில் துளையிடும் குண்டு மார்பிலும் துளையிடும். தேடி அலைவோரை முனிவராக்கிப் பார்க்க நமக்கு விருப்பமில்லை. ஆயினும் அவர்கள் தேடுவது மறைக்க முடியாத ஒன்றை. அது சிறு வேறுபாடு அன்று.

இன்று புதிதாக ஒன்றுமே கிடைக்காது என்பதில்லை. கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் 1955இல் பிறந்து, நின்று, 2020இல் திரும்பியது. பாயிண்ட் 22க்கு 617 என்னும் துருப்பிடிக்கா எஃகு வகை உண்டு. ஆனால் பழைமை விரும்பிகளுக்கு அவை போதா. 1980களின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு சிற்றாணி, குழலைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஆணி, இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2001இல் வந்த உட்பூட்டின் சாவித்துளை கண்டால் முகம் சுளிக்கிறார்கள். நல்லதைத் தெரிந்தெடுக்கும் முறை நமக்குப் பிடித்திருக்கிறது. ஓலைச்சுவடியில் பாடம் பார்ப்பது போன்ற பொறுமை அதில் இருக்கிறது. பக்கத் தகட்டின் திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் அனுபவமில்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். சுத்தியலை மெல்லப் பின்னிழுக்கும்போது, அது முழுதும் நிற்கும் முன்னரே உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும்; ஆறு அறைக்கும் ஆறு முறை பார்க்க வேண்டும். பாயிண்ட் 22இல் வெறுமனே விசையை அழுத்தி விளையாடியிருந்தால் அறை விளிம்பில் தழும்பு விழுந்திருக்கும்.

பழைய பொருள்களிடையே சிலவேளை அறுத்த குழல் ஒன்றும் வந்துசேர்கிறது. எவரோ முன்னொரு நாளில், சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்று ஆறு அங்குலத்தை இரண்டாக வெட்டி, முன்தகட்டை ஒருவாறு ஒட்டவைத்திருப்பார். பின்தகடு மட்டும் தன் திருகுகளோடு அப்படியே இருக்கும். தேடி வந்தவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, விலை கேட்காமல் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.