சென்ட்ரல் பக்கமே போகாமல் ஓர் அரண்மனை டூர்!

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது நம்ம ராயபுரத்திலிருந்துதான். ஆனால் இன்றைக்கு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் வெளியூர் போக வேண்டுமென்றால், முதலில் சென்ட்ரலுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ போய்ச் சேர வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த முதல் கொஞ்ச தூரத்திலேயே பிள்ளைகளின் உற்சாகம் பாதி வடிந்துவிடும்.

ஹார்பரிலும் மணலி கம்பெனிகளிலும் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இருக்கும் வீட்டில், எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு நாள் லீவ் கிடைப்பதே பெரிய விஷயம். அந்த ஒரு நாளை க்யூவில் கரைக்காமல், காலையில் போய் இரவு வீடு திரும்ப ஓர் அரண்மனை இருக்கிறது. திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள சந்திரகிரி.

நம்ம ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகர அரசர்கள் பெனுகொண்டாவுக்கும், பின்னர் சந்திரகிரிக்கும் தலைநகரை மாற்றினார்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மெட்ராஸில் கோட்டை கட்ட இடம் கொடுத்த நாயக்கர், அந்த அரச வம்சத்துக்குக் கட்டுப்பட்டவர். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஜார்ஜ் கோட்டையின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிள்ளைகளுக்குப் போகும் வழியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

மலையடிவாரத்தில் மூன்று அடுக்கு ராஜா மஹால், அருகிலேயே சின்னதாக ராணி மஹால். மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது என்பார்கள். ராஜா மஹாலுக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து ஊரில் பெருமாளைப் பார்க்க ஆயிரக்கணக்கில் காத்திருக்க, சாதாரண நாளில் இங்கே நிம்மதியாகச் சுற்றலாம்.

எந்த நாள் போகலாம்?

வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. சனி, ஞாயிறும் வேண்டாம். அரண்மனையில் கூட்டம் இல்லாவிட்டாலும் திருப்பதி பஸ்ஸிலும் ரயிலிலும் இருக்கும். புரட்டாசி மாதம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி சமயங்களைத் தள்ளிவிடுங்கள். செவ்வாய், புதன், வியாழன் உத்தமம். ஏப்ரல், மே வெயிலில் அந்தக் கல்தரையில் குழந்தைகளால் நடக்க முடியாது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இதமாக இருக்கும்.

எப்படிப் போவது?

நமக்கு வசதி, மாதவரம் பேருந்து நிலையம். திருப்பதி பஸ்கள் அங்கிருந்தே கிளம்புகின்றன. ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் மூன்றரை மணி நேரம் ஆகலாம். நகரத்துக்குள் நுழைந்து திரும்ப வெளியே வரும் அலைச்சல் மிச்சம். ஆனால் மாதவரம் போய்ச் சேரும் சாலையில் லாரிகள் உண்டு. அதனால் வீட்டிலிருந்து காலை ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள்.

நீண்ட நேரம் பஸ்ஸில் உட்கார முடியாத பெரியவர்கள் இருந்தால் மட்டும் ரயில். சென்ட்ரலிலிருந்து காலையில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமலே சென்ட்ரலில் இறங்கலாம். ரயில் நேரத்தையும் முதல் மெட்ரோ நேரத்தையும் முந்தின நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை 60 நாள் முன்பிருந்தே எடுக்கலாம்.

பஸ்ஸோ ரயிலோ, திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். போகும்போது எல்லோரும் ஃபிரெஷ்ஷாக இருப்போம், நின்றுகொண்டுகூடப் போய்விடலாம். திரும்பும்போது தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முண்டியடிக்க முடியாது.

அங்கே போனதும்...

திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்திரகிரிக்கு அடிக்கடி பஸ் உண்டு. தூரம் 15 கிலோமீட்டருக்குள்தான். ஊருக்குள் இறங்கி கோட்டைக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கோட்டைச் சுவரையும் குளத்தையும் சுற்றுங்கள். முழங்கால் வலி உள்ள பாட்டி, தாத்தாவுக்கு மலை ஏற்றம் தேவையில்லை. கீழே ராஜா மஹால், ராணி மஹால் பார்த்தாலே போதும். புளிசாதம், தயிர்சாதம், தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

முக்கியமாக ஒன்று: அதே நாளில் திருமலை தரிசனத்தைச் சேர்க்காதீர்கள். அங்கே எத்தனை மணி நேரம் ஆகும் என்பது நம் கையில் இல்லை, முழுத் திட்டமும் கவிழ்ந்துவிடும். "அவ்வளவு தூரம் போய்ப் பெருமாளைப் பார்க்காமல் வருவதா?" என்று மாமியார் கேட்டால், பதில் பக்கத்திலேயே இருக்கிறது. சீனிவாசமங்காபுரத்தில் கல்யாண வேங்கடேஸ்வரர் கோயில். திருமலைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காத்திருப்பு மிகக் குறைவு. வீட்டில் கல்யாணத்துக்கு வரன் பார்ப்பவர்கள் தேடி வரும் சந்நிதி என்பதால் அவருக்கும் திருப்தி. பிற்பகலில் நடை எப்போது திறக்கும் என்று ஆட்டோக்காரரிடமே கேட்டுக்கொண்டு, அரண்மனையை முடித்துவிட்டு அங்கே போங்கள்.

திருப்பதியில் மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் பஸ் ஏறினால், ஒன்பது மணிவாக்கில் மாதவரம். மறுநாள் முதல் ஷிஃப்ட் இருப்பவருக்கும் தூங்க நேரம் கிடைக்கும்.