பெயருள்ள சுங்கானும் பெயரில்லாத சரஸ்வதியும்

சில மாதங்களுக்கு முன் சேலத்தில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தின் முடிவில் நண்பர் ஒருவர் தம் பையிலிருந்து ஒரு சுங்கானை எடுத்துக் காட்டினார். வீட்டு மாடியில் அமைத்திருக்கும் மரப்பட்டறையில் தம் கையாலேயே செய்தது. வந்திருந்த முப்பது பேரில் இருபது பேராவது அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தனர். ‘வடிவம்’, ‘ரேகையின் ஓட்டம்’, ‘பொருளின் மௌனம்’ என்று சொற்கள் புரண்டன. ஒருவர் ஜப்பானிய அழகியல் வரை போய் வந்தார். அரை மணி நேரம் இவ்வாறு கழிந்தது.

அதற்குச் சற்று முன்னர்தான் அதே மேடையில், சிறப்புரையாற்றிய எழுத்தாளருக்கு ஒன்றரை அடி உயர மரச் சரஸ்வதி ஒன்று நினைவுப் பரிசாக வழங்கப்பட்டிருந்தது. தம்மம்பட்டி வேலை. புகைப்படம் எடுக்கும்வரை அது நிமிர்ந்து நின்றது; பிறகு பொன்னாடையோடு சேர்த்து மேசைக்கடியில் படுத்துக்கொண்டது. யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

இக்கட்டுரை அந்த நண்பருக்கு எதிரானதன்று. (புகைப்பதில் நமக்கு உடன்பாடில்லை, அது வேறு வழக்கு.) சுங்கான் செய்வது எளிய வேலையுமன்று. ஒரே கட்டையில் இரண்டு துளைகள். மேலிருந்து இறங்குவது புகையிலைக்கான குழி. பக்கவாட்டிலிருந்து வருவது புகை செல்லும் வழி. இரண்டாவது, முதலாவதன் அடித்தளத்தில் பிசகாமல் வந்து சேர வேண்டும். சற்று மேலே முட்டினால் அடியில் ஈரமும் எரியாத புகையிலையும் தங்கிவிடும். கட்டையோ, மத்தியதரைக் கடலோரத்து எரிகா ஆர்போரியா என்னும் புதர்மரத்தின் வேர்முடிச்சு. வெட்டியெடுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே அது உளிக்கு வரும். பிரான்சின் சேன்-குளோத் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்தக் கட்டையால் பெயர் பெற்றது. நண்பர் அயலிலிருந்து கட்டையை வரவழைத்து, பொறுமையாகக் குடைந்து, உப்புத்தாளில் படிப்படியாக இழைத்து, மெழுகேற்றி, தண்டில் தம் பெயரின் முதலெழுத்தையும் பொறித்திருந்தார். மரியாதைக்குரிய உழைப்பு. நம் வழக்கு அவரோடு அன்று, அவரைச் சுற்றி நின்ற நம்மோடு.

தம்மம்பட்டி சேலத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை. மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், சுவேத நதியை ஒட்டிக் கிடக்கிறது. ஆத்தூரிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு. வாகையிலும் தூங்குமூஞ்சியிலும் தெய்வ உருவங்கள், தசாவதாரப் பலகைகள், நிலைவாசலுக்கான மேற்பலகைகள், யாளிகள், குதிரைகள் எல்லாம் அங்கே செதுக்கப்படுகின்றன. பட்டறை என்று தனியே கட்டடம் தேட வேண்டாம். பல இடங்களில் வீட்டுத் திண்ணையும் தகரக் கொட்டகையுமே பட்டறை. பலகையில் பென்சிலால் உருவம் வரைந்து, பெரிய உளியால் வேண்டாததைக் கழித்து, பிறகு அகலம் குறைந்த உளிகளுக்கு இறங்கிக்கொண்டே போகிறார்கள். ஒருவர் காலடியில் இருபது முப்பது உளிகள் கிடக்கும். கண்ணை ஓட்டாமலே கை உரியதை எடுக்கும். நண்பரின் மாடிப் பட்டறையும் வீட்டுப் பட்டறைதான், இதுவும் வீட்டுப் பட்டறைதான். முன்னதைக் ‘கலைக்கூடம்’ என்கிறோம், பின்னதைக் ‘குடிசைத் தொழில்’ என்கிறோம்.

இந்த ஓரவஞ்சனையைச் சுட்டியபோது நண்பர்கள் சொன்ன சமாதானங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது: தம்மம்பட்டிக்காரர்கள் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், புதுமை இல்லை என்பது. இதைச் சொன்னவர் கையில் அப்போதும் அந்தச் சுங்கான் இருந்தது. அது ‘பில்லியர்ட்’ என்னும் வடிவம். உலகெங்கும் சுங்கான் செய்வோர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வடிவம். ‘டப்ளின்’, ‘புல்டாக்’ என்று இன்னும் பல உண்டு, அட்டவணையே இருக்கிறது. நண்பர் அதைப் பார்த்துத்தான் செய்தார், பெருமையோடு அதைச் சொல்லவும் செய்தார். அங்கே திரும்பச் செய்வது மரபில் தோய்வதாம். இங்கே திரும்பச் செய்வது நகலெடுப்பதாம். வெண்பாவின் தளையை மீறாமல் எழுதியவனைக் கவிஞன் என்று ஏற்கும் நாம், தியான சுலோகத்தின் அளவை மீறாமல் செதுக்கியவனிடம் மட்டும் ‘தனித்துவம் எங்கே’ என்று கேட்கிறோம்.

இரண்டாவது: அவர்கள் காசுக்காகச் செய்கிறார்கள், நண்பர் ஈடுபாட்டுக்காகச் செய்கிறார். சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்த வாதம் இனிக்கும். நாம் காசு வாங்காமல் எழுதுவதால் அதையே தகுதியாக்கிக் கொண்டவர்கள். ஆனால் நம் நவீன ஓவியத்தின் கதை வேறு சொல்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கியது கலையும் தொழிலும் சேர்ந்த பள்ளி. அதன் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலத்தைத் தோற்றுவித்தபோது, ஓவியர்கள் நிலம் வாங்கவும் வயிறு கழுவவும் உதவியது பாட்டிக் முதலிய கைவினைப் பொருள்களின் விற்பனை. கைவினை விற்ற காசில் ஓவியம் வளர்ந்ததை நாம் வீரகாவியமாக எழுதுகிறோம். கைவினை விற்ற காசில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துகிறவரோ ‘வணிக நோக்கம்’ கொண்டவராகிவிடுகிறார்.

மூன்றாவதுதான் நுட்பமானது, ஆகவே ஆபத்தானதும் அதுவே. இந்திய மரபில் கலைஞன் தன் பெயரைப் பொறிப்பதில்லை. அகந்தை அழிந்த நிலையிலேயே படைப்பு நிகழ்கிறது. பெயர் கேட்பதே மேற்கத்திய நோய் என்பது. ஆனந்த குமாரசுவாமியைத் துணைக்கழைப்பார்கள். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியும் அடுத்த ஆண்டு இந்தியக் கைவினைஞன் பற்றியும் நூல்கள் வெளியிட்டவர் அவர். கலை வேறு, கைவினை வேறு என்னும் பிரிவினை பிற்கால ஐரோப்பாவில் விளைந்த கோளாறு என்று சொன்னவரும் அவரே. அவரிடமிருந்து பெயரின்மையை மட்டும் எடுத்துக்கொண்டு பிரிவினைக் கண்டனத்தை விட்டுவிடுவது என்ன வாசிப்பு?

தவிர, பெயரின்மை என்பதே பாதி உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று அதன் தலைமைத் தச்சனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கல்லால் எழும்பிய கோயில். ஆயினும் பட்டம் ‘தச்சன்’. கர்நாடகத்துச் சோமநாதபுரத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மல்லிதம்மா என்னும் சிற்பி தன் சிற்பங்களின் அடியில் தன் பெயரை வெட்டியிருக்கிறான். பெயர் பொறிக்காதவர்களும் ஏராளம், மறுக்கவில்லை. தாரமங்கலத்துக் கயிலாசநாதர் கோயிலில், இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். அந்தத் தூண்களைச் செய்தவனின் பெயரை வழிகாட்டிகள் நமக்குச் சொல்வதில்லை. ஆனால் அவன் இருந்த ஊரில், அவன் காலத்தில், அவனை எல்லாரும் அறிந்திருப்பார்கள். ஊர் அறிந்த ஒருவன் கல்லில் பெயர் வெட்டாமல் விட்டது ஒன்று. விற்பனைக் கூடத்து அலமாரியில் விலைச்சீட்டு மட்டும் தொங்க நிற்கும் பொருளின் பெயரின்மை முற்றிலும் வேறொன்று. இரண்டாவதற்கு முதலாவதன் காவியாடையைப் போர்த்துவது ஏமாற்று.

‘அரசு ஏதேனும் செய்யட்டும்’ என்று நழுவுகிறவர்களுக்கு: அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 1973 முதல் பூம்புகார் நிறுவனம் இருக்கிறது. பச்சைமலைக்கு அந்தப் பக்கம், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதே. எனினும் புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும், ஆளின் பெயரைக் காக்காது. அதற்காக இயற்றப்பட்ட சட்டமும் அன்று அது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை எதிர்த்து ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டத்தை ஏற்க மறுத்த தமிழக அரசு, அதற்கு மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொழிலைப் பிறப்போடு கட்டக்கூடாது என்ற அந்த வாதம் நமக்கு முழுக்க உடன்பாடு. ஆனால் கடன் கொடுப்பது அரசின் வேலை. கவனம் கொடுப்பது யார் வேலை? ரசனை என்ற ஒன்றை நாம்தானே குத்தகைக்கு எடுத்திருக்கிறோம்.

கவனித்துப் பார்த்தால் அழகியல் பேச்சு உடனே பொருளியலில் போய் முட்டும். நண்பரின் கட்டை உலர்வதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தது. தம்மம்பட்டியில் வாகைப் பலகையை ஓராண்டு உலரப் போடுவதற்கு யாரிடம் முதல் இருக்கிறது? ஈரம் வடியாத மரம் உளிக்கு இணங்கும், வேலை விரைந்து முடியும். வாங்கியவர் வீட்டில் கோடையில் வெடிக்கும். வெடித்ததும் ‘நம்மாளுங்க வேலையில் ஃபினிஷிங் இல்லை’ என்கிறோம். அது கைத்திறனின் குறையன்று, கைமுதலின் குறை. இன்னொன்று: மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. நண்பர் முகக்கவசம் அணிந்து, தூசியுறிஞ்சி ஓடவிட்டு இழைக்கிறார். நாம் கண்ட கொட்டகையில் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த பெண்களின் முகத்தில் சேலைத் தலைப்புதான் இருந்தது.

தமிழ்த்துறைக்காரராகிய நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். கரிசல் வழக்குக்குக் கி. ராஜநாராயணன் 1982இல் சொல்லகராதி தந்தார்; கொங்கு வழக்குக்குப் பெருமாள்முருகன் 2000இல் தந்தார். இரண்டையும் பாராட்டிக் கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம். கைக்கெட்டும் தூரத்தில் உளிக்கு உளி பெயர் வைத்திருக்கும் ஊர் ஒன்று இருக்க, அச்சொற்களைத் தொகுக்கும் ஆய்வேட்டுத் தலைப்பு ஒன்றை ஒரு கல்லூரியில் முன்வைத்தபோது ‘இலக்கியத் தொடர்பு இல்லை’ என்று திரும்பி வந்தது. அதே ஆண்டு அங்கே ஏற்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று சங்க இலக்கியத்தில் மரங்கள் பற்றியது. வாகை வெற்றியின் பூ என்று எழுதி மதிப்பெண் பெற்றிருப்பார்கள். போரில் வெல்வது மட்டுமன்று, அவரவர் தத்தம் துறையில் மேம்படுவதும் வாகையே என்று தொல்காப்பியம் விரித்துச் சொல்வதையும் எழுதியிருப்பார்கள். வாகைப் பலகையின் நார் எந்தப் பக்கம் ஓடினால் மூக்கு சிதறாமல் வரும் என்று அறிந்தவரை மட்டும் சந்தித்திருக்க மாட்டார்கள். கல்கியின் ஆயனச் சிற்பிக்காக உருகியவர்களும் நாமே. அவர் கதைக்குள் இருந்ததால் வசதியாயிற்று.

அந்தச் சரஸ்வதி என்ன ஆனாள் என்று சொல்ல வேண்டும். எழுத்தாளர் இரவு ரயிலில் சென்னை செல்ல வேண்டியிருந்ததால், சுமக்க இயலாதென்று அமைப்பாளர் வீட்டிலேயே விட்டுச் சென்றார். அங்கிருந்து நாம் கேட்டு வாங்கி வந்தோம். பீடத்தின் அடியில் பென்சிலால் மூன்று இலக்க எண் ஒன்று எழுதியிருந்தது; கடைக்காரரின் சரக்கு எண். கடையில் விசாரித்தபோது மொத்த வியாபாரியைக் கைகாட்டினார்கள். அவருக்கு எண் மட்டுமே தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தம்மம்பட்டிக்குப் போனோம். முதலில் நுழைந்த கொட்டகையில் பெரியவர் ஒருவர் யாளி முகத்தில் வேலையாயிருந்தார். ‘ஐயா, இது யார் வேலைன்னு கண்டுபிடிக்க முடியுங்களா?’ என்று கேட்டோம். உளியைக் கீழே வைக்காமலே பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, வீணையைப் பார்த்தார். ‘இது அவன் கைங்க சார். வீணைக் கொடத்த இப்பிடிச் சாச்சு வெக்கிறவன் இங்க ஒருத்தந்தான்’ என்று பெயரைச் சொல்லி, இரண்டு தெரு தள்ளி வழியும் சொன்னார்.

அவர் அன்று ஊரில் இல்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தச்சு வேலைக்குப் போய் ஆறு மாதமாகிறது என்று வீட்டில் சொன்னார்கள். பெயரை இங்கே வெளியிடலாமா என்று கேட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.